ஒளியும் ஓவியமும்

ஒளியின்றி ஓவியத்தைக் காண இயலாது. அவ்வொளியே நாளடைவில் ஓவியத்தை மங்கச் செய்கின்றது. சித்திரசாலைகளைக் காப்போரின் தீராத இடர் இதுவே.

நீர்வர்ணச் சித்திரத்தில் வர்ணம் கடதாசியின்மீது மெல்லிய படலமாகவே படிந்திருக்கும். ஆதலால் வெயிலொளியில் அது எளிதில் நிறமிழக்கும். இதனை ஆராய்ந்த றசல், ஏப்னி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1888ஆம் ஆண்டில் தம் அறிக்கையை வெளியிட்டனர். கதிர்களுள் நீலமும் ஊதாவுமே பெருங்கேடு விளைப்பன என்றும், காற்றும் ஈரமும் அக்கேட்டுக்குத் துணைபோவன என்றும் அவர்கள் காட்டினர்.

ஹென்றி வோன் என்னும் இலண்டன் செல்வர் டேர்னர் தீட்டிய நீர்வர்ணச் சித்திரங்கள் பலவற்றைச் சேர்த்துவைத்திருந்தார். 1899இல் அவர் மறைந்தார். அவரது மரணசாசனத்தின்படி, 1900ஆம் ஆண்டில் 31 சித்திரங்கள் டப்ளினிலுள்ள தேசிய சித்திரசாலையையும், 38 சித்திரங்கள் எடின்பரோவிலுள்ள தேசிய சித்திரசாலையையும் அடைந்தன. ஆண்டுதோறும் சனவரி மாதத்திலேயே அவை காட்டப்படவேண்டும். கட்டணம் அறவிடலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அவ்வடபுலத்தில் பகலொளி மிகக் குன்றியிருக்கும் காலம் அது. எஞ்சிய பதினொரு மாதமும் அவை ஒளிபடாது காக்கப்பட்டன.

இன்று விளக்கொளியை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். எனினும் சனவரிக் காட்சி என்னும் மரபு கைவிடப்படவில்லை. சிறிது காலமே காட்டப்பட்டமையால், அச்சித்திரங்கள் நெடுங்காலம் நிறங்குன்றாது நிலைத்துள்ளன.