பழைய பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையர்: அசல் பாகங்களைக் கண்டறியும் சான்றுகள்

1. ஆய்வுப் பொருள்

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் இயங்கிய ஃபெண்டர் நிறுவனம், 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் கிட்டாருக்குத் துணையாக 1952இல் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே அதில் இருந்தது. சில ஆண்டுகளில் அந்த இடத்தை 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு பிடித்தன. 1958 முதல் 1960 வரை வந்த 5எஃப்6-ஏ என்ற வகைதான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது. பேஸுக்கென்று செய்த அந்தப் பெட்டியை கிட்டார் கலைஞர்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, அதன் சுற்றை ஏறக்குறைய அப்படியே பின்பற்றியது. புகழ் வந்ததும் விலை ஏறியது. விலை ஏறியதும் பாகம் மாற்றிய பெட்டிகள் ‘முழு அசல்’ என்ற பெயரில் சந்தைக்கு வரத் தொடங்கின.

இத்தகைய பெட்டியைச் சோதிப்போர் பெரும்பாலும் எண்களைத் தேடிப் போகிறார்கள். எண் பயனுள்ளதுதான். ஆனால் அச்சிட்ட குறியைக் காட்டிலும் தகட்டில் வெட்டிய துளையும் கலையாத ஈயப்பற்றும் வலுவான சான்று என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. எழுத்துக் குறிகள்

2.1 வால்வு அட்டவணைத் தாள்

பெட்டியின் உட்புற மரத்தில் வால்வுகளின் இடத்தைக் காட்டும் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ரப்பர் முத்திரையாக இரண்டு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து ஆண்டு: ‘ஏ’ என்றால் 1951, ‘பி’ என்றால் 1952 என்று அகரவரிசையில் செல்லும். இரண்டாம் எழுத்து மாதம். ஆகவே ‘எச்இ’ என்பது 1958 மே. 1960களின் பிற்பகுதிவரை இந்த வழக்கம் நீடித்தது.

தாள் ஒட்டியிருப்பது மரத்தில் என்பதை மறக்கக் கூடாது. அது மரப்பெட்டிக்கு மட்டுமே சாட்சி. சுற்றைத் தாங்கும் உலோகத் தகடான சேசிஸை வேறொரு பெட்டியிலிருந்து கழற்றி மாட்டியிருந்தால் தாளுக்கு அது தெரியாது. மேலும், சுற்றின் வடிவம் மாறிய பிறகும் கையிருப்பில் இருந்த பழைய தாள்களைத் தொழிற்சாலை ஒட்டித் தீர்த்தது. தாளில் ஒரு வகை எண்ணும் உள்ளே வேறு சுற்றும் இருப்பதால் மட்டும் ஒரு பெட்டியைப் போலி என்று தள்ளிவிட முடியாது.

2.2 தயாரிப்பாளர் எண்

அமெரிக்க உதிரிபாகங்களில் தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்று இலக்கங்களும், ஆண்டுக்கான ஓரிரு இலக்கங்களும், வாரத்துக்கான இரண்டு இலக்கங்களும் வரிசையாக இருக்கும். ஜென்சன் ஸ்பீக்கருக்கு 220, ஆக்ஸ்ஃபோர்டுக்கு 465, சிடிஎஸ்ஸுக்கு 137, ஸ்டாக்போல் கண்ட்ரோல்களுக்கு 304, ஷூமாக்கர் டிரான்ஸ்பார்மருக்கு 606. 220814 என்றால் ஜென்சன், எட்டில் முடியும் ஆண்டு, 14ஆம் வாரம். அந்த ஆண்டு 1948ஆ, 1958ஆ, 1968ஆ என்பதை ஸ்பீக்கரின் உருவமைப்பைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

இந்த எண் சொல்வது பாகம் பிறந்த நாளை. பெட்டி பிறந்த நாளை அல்ல. ‘எச்இ’ முத்திரையுள்ள பெட்டியில் 1958இன் 14ஆம் வார ஸ்பீக்கர்கள் மூன்றும் 1959இன் 11ஆம் வார ஸ்பீக்கர் ஒன்றும் இருந்தால், நான்காவது பிற்பாடு வந்தது என்று துணிந்து சொல்லலாம். இதைத் திருப்பிப் போட்டால் கணக்கு நிற்காது: பாகம் முந்தியது என்பதாலேயே அது அந்தப் பெட்டியோடு பிறந்தது என்றாகாது. ஃபெண்டர் நிறுவனம் 1966இல் கண்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளின் கருவிகளிலும் 1966 என்ற குறியே தென்படுகிறது.

3. சேசிஸின் துளைகள்

வகையைத் தீர்மானிக்க ரெக்டிஃபையர் வால்வின் சாக்கெட்டைப் பார்ப்பதே நேர்வழி. 5இ6 வகையில் ரெக்டிஃபையர்கள் இரண்டு. அடுத்து வந்த 5எஃப்6இல் 83 என்ற பாதரச ஆவி வால்வு ஒன்று. அதற்கு நான்கு முனைச் சாக்கெட். 5எஃப்6-ஏ வகையில் ஜிஇசட்34. அதற்கு எட்டு முனைச் சாக்கெட். தாளை ஒட்டலாம், எண்ணை அச்சடிக்கலாம், வால்வை நொடியில் மாற்றலாம். சாக்கெட் மாற்றத்தை மறைப்பது அவ்வளவு எளிதல்ல: துளையின் ஓரத்தில் அரத்தின் கீறல், பொருந்தாத திருகு, குரோம் பூச்சு உரிந்த விளிம்பு என்று ஏதாவது ஒன்று நின்றுவிடும்.

வெளிப்பலகையும் உதவும். ‘மிடில்’ கண்ட்ரோல் 5எஃப்6இல்தான் வந்தது; அதற்கு முந்தைய வகை என்று சொல்லப்படும் பெட்டியில் அந்தக் குமிழ் இருந்தால் சந்தேகப்படுவது நியாயம்.

4. பலகை, கம்பி, ஈயம்

உறுதியான சான்று இங்கேதான் கிடைக்கிறது. மெழுகூட்டிய ஃபைபர் பலகையில் சிறு உலோகக் கண்கள் அடித்து, அவற்றில் பாகங்களின் கால்களை நுழைத்துக் கையாலேயே பற்றவைத்தார்கள். கம்பிகளுக்குத் துணி உறை. 1990இல் ஃபெண்டரே வெளியிட்ட மறுபதிப்பில் அச்சுச் சுற்றுப் பலகை என்பதால் ஒரு பார்வையிலேயே வேறுபாடு தெரியும். 1950களின் பெட்டிகளில் மஞ்சள் நிற ஆஸ்ட்ரான் கண்டென்சர்களும், 1960களின் நடுப்பகுதியில் நீல நிறக் கண்டென்சர்களும் வழக்கம்.

பழைய ஆஸ்ட்ரான்களை வாங்கி மாட்டுவோரும் உண்டு. ஆகவே கண்டென்சரைவிட அதன் காலைப் பிடித்திருக்கும் ஈயத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை ஈயம் காலப்போக்கில் மங்கி, கண்ணை முழுவதும் நிரப்பி உட்கார்ந்திருக்கும். மீண்டும் சூடேற்றிய இடத்தில் பளபளப்பும், பிசுக்கும், கருகிய மெழுகும், சில நேரம் பழைய கால் வெட்டப்பட்ட துணுக்கும் காணப்படும். ஒரே கண்ணில் இரு நிற ஈயம் இருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. சில சேசிஸ்களின் உள்ளே, பற்றவைத்த பெண் தன் பெயரை எழுதி ஒட்டிய சிறு டேப் துண்டு இன்னும் இருக்கிறது. தேதி சொல்லாத அந்தத் துண்டு, சேசிஸைப் பலரும் குடைந்துவிடவில்லை என்று ஊகிக்க உதவும்.

இந்தச் சோதனையைப் பழக்கமுள்ளவர் மட்டுமே செய்யலாம். மின்தொடர்பைத் துண்டித்த பின்னும் வடிகட்டிக் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

5. ஸ்பீக்கரின் இருமுகம்

இரும்புச் சட்டத்தில் எண் இருக்கும். ஒலி வருவது காகிதக் கோனிலிருந்து. கிழிந்த கோனை மாற்றும்போது சட்டம் அப்படியே நிற்பதால் பழைய எண்ணும் நிற்கிறது. விற்பவர் எண்ணைப் படமெடுத்து அனுப்புகிறார். பொய் சொன்னதாகவும் ஆகாது. கோனின் விளிம்பில் இரட்டைப் பசைத் தடம், புதுத் தூசிமூடி, சட்டத்தோடு சேர்ந்து பழுப்பேறாத காகிதம் ஆகியவற்றைத் தேட வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கும் பக்க இணைப்பில் சேர்ந்து 2 ஓம் சுமையாவதால், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேறு சுமைக்கானது என்றால் அது பின்னால் வந்தது.

6. எந்த மாற்றம் குறை?

உலர்ந்துபோன மின்பகுபொருள் கண்டென்சரையும் இரண்டு முனை மின்வடத்தையும் மாற்றியதற்காக விலையைக் குறைப்பது அறிவீனம் என்பேன். வால்வும் அப்படித்தான், அது தேயும் பொருள். கழற்றியவற்றை ஒரு பையில் போட்டுப் பெட்டியோடு தந்தால் போதுமானது. டிரான்ஸ்பார்மரும் கோனும் மாறுவது வேறு கதை. சேசிஸில் புதுத் துளை போடுவதற்கோ பரிகாரமே இல்லை.

தொழிற்சாலையே பின்னாளில் செய்த மாற்றத்தை என்னவென்று கொள்வது? ஆம்பெக் நிறுவனம் 1969இல் கொண்டுவந்த 300 வாட் பேஸ் ஆம்ப்ளிஃபையரான எஸ்விடியின் முதல் பெட்டிகளில் அவுட்புட்டுக்கு 6146பி வால்வுகள் ஆறு இருந்தன. அவை நிலையாக ஓடாததால் நிறுவனம் விரைவில் 6550க்கு மாறியது. முன்பு விற்றவற்றில் பலவும் அவ்வாறே மாற்றப்பட்டன. 6146பியின் உச்சியில் தொப்பி இணைப்பு உண்டு, 6550இல் இல்லை. ஆகவே மாற்றிய சேசிஸில் பழைய கம்பியின் தடத்தைத் தேடலாம். அந்தத் தடத்தைக் கண்டதும் பெட்டியை அசல் வரிசையிலிருந்து நீக்குவோர் உண்டு. தயாரித்தவர்களே வேண்டாம் என்று கைவிட்ட அமைப்பை அளவுகோலாகக் கொள்வது எனக்கு உடன்பாடில்லை. 6550க்கு மாறிய எஸ்விடியை ‘தயாரிப்பாளர் வழி மாற்றம்’ என்று தனியாகக் குறித்து, அசல் வரிசையிலேயே வைக்கலாம்.