அக்கரை உலைகளின் எரிபொருள் தடாகங்கள்

ஊர்காவற்றுறைக்கு வடக்கே ஏறத்தாழ 320 கிலோமீற்றர் தொலைவில் கல்பாக்கமும், நெடுந்தீவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில் கூடங்குளமும் அமைந்திருக்க, அவ்விரு ஸ்தலங்களிலும் உலையிலிருந்து எடுத்த யுரேனிய எரிபொருள் ஆழ்ந்த நீர்த்தடாகங்களில் ஆண்டுக்கணக்காக வைத்துக் காக்கப்படுவதைப் பற்றித் தீவகத்தாராகிய நாம் பேசும்போதெல்லாம் கதிர்வீச்சு ஒன்றையே எண்ணி அஞ்சுகிறோம். ஆயினும் அத்தடாகங்களுள், ஓர் அணுவின் பிளவு அடுத்த அணுவின் பிளவைத் தூண்டும் தொடர்வினை மறுபடி மூளாதபடி காக்கும் சாஸ்திரத்துக்கும் தனியொரு சரித்திரம் உண்டு.

அச்சரித்திரம் மரணத்தில் தொடங்கியது. 1945, 1946 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸில் புளூட்டோனியக் கோளத்தைக் கையால் பரிசோதித்த ஆராய்ச்சியாளர் இருவர், கணப்பொழுதில் மூண்ட தொடர்வினையால் சில வாரங்களுக்குள் மாண்டனர். 1999இல் யப்பானின் தோக்காய்முராவில், செறிவூட்டிய யுரேனியக் கரைசலை எஃகு வாளிகளால் அளவுக்கு மீறி ஒரே தொட்டியில் ஊற்றியதால் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். இவை தடாகங்களில் நிகழ்ந்தவையல்ல. ஆயினும் எவ்வளவு பொருள், எந்த வடிவில், எத்துணை இடைவெளியில் என்று ஓயாது கேட்கும் வழக்கத்தை இத்தகைய சம்பவங்களே ஏற்படுத்தின.

1983இல் தொடர்வினை தொடங்கிய கல்பாக்கத்து உலைக்கு இயற்கையே துணை நின்றது. 19 கோல்களைச் சேர்த்துக் கட்டிய, அரை மீற்றர் நீளமேயுள்ள அதன் எரிபொருள் கட்டு செறிவூட்டாத யுரேனியத்தால் ஆனதாதலின், அதைச் சாதாரண நீருள் எப்படி அடுக்கினும் தொடர்வினை நிலைபெறாது. 2013இல் தொடங்கிய கூடங்குளத்து உலையோ செறிவூட்டிய யுரேனியத்தை உண்பது. நாலரை மீற்றர் நீளமான அதன் அறுகோணக் கட்டுகளைக் குளிர்விக்கும் அதே நீர், நியூத்திரன்களின் வேகத்தைத் தணித்துப் பிளவைத் தூண்டவும் வல்லதாதலின், நியூத்திரன்களை விழுங்கும் போரிக் அமிலத்தை அந்நீரில் கரைத்து, கட்டுகளை இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள். ஒரு தலைமுறையின் 100 நியூத்திரன்களுக்கு மறுதலைமுறையில் 95க்கு மேல் பிறக்கலாகாது என்பது பல நாடுகளிலும் வழங்கும் பிரமாணம்.

கட்டுகளிடையே விடும் இத்தகைய இடைவெளியைப் பிற்காலத்தில் குறுக்கியது விஞ்ஞானமன்று, ராஜதந்திரமே என்பதற்குத் இந்தியாவின் தாராப்பூர் அணுமின் நிலையம் சாட்சி. 1969இல் அமெரிக்க உதவியால் எழுந்த அவ்வுலைகளின் எரிபொருள் விஷயத்தில், இந்தியா 1974இல் பொக்ரானில் நடத்திய அணுவெடிச் சோதனைக்குப் பின் மூண்ட பிணக்கினால், அமெரிக்கா அதைத் திரும்பப் பெறவுமில்லை, அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுபதனத்துக்கு இசையவுமில்லை. எரிபொருள் குவிந்தது, அடுக்குகள் நெருங்கின. 1977இல் மறுபதனத்தை நிறுத்திவைத்த அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. முன்பு தூரம் செய்த காவலை, அடுக்குகளிடையே செருகிய போரன் தகடுகள் செய்யலாயின. முன்னோர் எரிந்த கட்டையும் புதியதாகவே பாவித்து எல்லை வகுத்தனர்; பின்வந்தோர் எரிந்த அளவைக் கழித்துக்கொண்டனர். கட்டொன்று இடம் மாறி வைக்கப்பட்டாலும் கேடு விளையாத முன்னோர் முறையே மேலானது என்பது என் துணிபு.

பூமியின் ஆழத்தில் நிரந்தரக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டுமென்று 2013 மே 6ஆம் தேதித் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது. அது அமையும்வரை தடாகங்களே கதி. அவற்றின் பாதுகாப்புக் கணக்கு இருகரைத் தமிழருக்கும் விளங்கும் தமிழில் வெளிவரல் வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை அணுசக்திச் சபை அதைக் கேட்டுப் பெற்றுத் தீவகத்து வாசிகசாலைகளில் வைத்தல் வேண்டும்.