பேர்போன ஆட்டக்காரன்

பாரதக் கதை கேட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் வராமல் இருக்காது. சகுனி பகடையில் கைதேர்ந்தவன் என்பது தருமபுத்திரனுக்குத் தெரியாதா? தெரியும், நன்றாகவே தெரியும். தெரிந்தும் போய் உட்கார்ந்தான். சகுனியின் பெயர் அவனைப் பயமுறுத்தி விரட்டவில்லை. இழுத்து உட்கார வைத்தது. அழைப்பை மறுத்தால் அரசனுக்கு இழுக்கு என்று எண்ணினான். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் வைத்து ஆடுகிறவனின் புகழ் ஒரு விசித்திரமான சரக்கு. பாடகருக்குப் பேர் வர வரக் கச்சேரிகள் கூடும். வைத்தியருக்குப் பேர் வர வர வாசலில் கூட்டம் சேரும். பந்தய ஆட்டக்காரனுக்கு மட்டும் பேர் வந்தால் பிழைப்பே போய்விடும். 'இவன் தோற்க மாட்டான்' என்று ஊருக்குத் தெரிந்த பிறகு எவன் எதிரே உட்கார்ந்து பணத்தை வைப்பான்? எல்லாரும் தருமபுத்திரர்களா என்ன? ஆகவே அவனுக்கு இரண்டே வழிகள். ஒன்று, பெயரை ஒளித்துக்கொள்ள வேண்டும். அல்லது, எதிராளிக்கு ஏதாவது விட்டுக்கொடுத்து, தராசை அவன் பக்கம் சாய்த்துவிட்டு ஆட வேண்டும். இந்த இரண்டு வழிகளிலும் நடந்து காட்டிய மனிதர்களை, பச்சைத் துணி விரித்த பில்லியர்ட்ஸ் மேஜையின் சரித்திரத்தில் காணலாம்.

கோலால் பந்தைத் தட்டிப் பைக்குள் விழச் செய்யும் இந்த ஆட்டத்தின் ஒரு வகைக்குப் 'பூல்' என்று பெயர். அந்தப் பெயரே பந்தயத்திலிருந்து வந்ததுதான். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்து வைக்கும் பொதுப் பணத்துக்குப் 'பூல்' என்று பெயர். அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்களில், பந்தய முடிவு வரும் வரையில் பொழுது போவதற்காக இந்த மேஜைகளைப் போட்டார்கள். கூடத்தின் பெயர் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1875-ஆம் ஆண்டு, ஜபல்பூரில், மழைக்காலத்தில் வெளியே போக வழியில்லாத வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள் காசு வைத்துப் பூல் ஆடிக்கொண்டிருந்தார்கள். நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி மேஜைமேல் இன்னும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த சேம்பர்லேன் வேறு, இவர் வேறு. அப்படிப் பிறந்ததுதான் ஸ்னூக்கர். பிறகு அவர் நம் உதகமண்டலத்துக்கு வந்தார். 1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் அந்த ஆட்டத்தின் விதிகளை எழுதி மாட்டினார்கள். இன்று உலகமெல்லாம் கோடி கோடியாய்ப் பணம் புரளும் ஆட்டத்துக்கு நம் நீலகிரிக் குளிரில் சட்டம் வகுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

1885-இல் ஜான் ராபர்ட்ஸ் என்பவர் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய தகப்பனாரும் பில்லியர்ட்ஸில் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்தவர். அந்தத் தகப்பனாரை 1870-இல் வில்லியம் குக் என்ற இளைஞர் தோற்கடித்தார். இரண்டே மாதத்தில் மகன் அந்தக் குக்கைத் தோற்கடித்துப் பட்டத்தை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்தார். கல்கத்தாவில் கூச் பிகார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லேனைச் சந்தித்து, ஸ்னூக்கர் விதிகளை இவர் கேட்டறிந்தார் என்பார்கள். ஜயப்பூர் மகாராஜா இவருக்கு ஆண்டுச் சம்பளம் கொடுத்துத் தம் ஆஸ்தான பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரராக நியமித்தார். சங்கீத வித்துவானுக்கும் புலவருக்கும் கிடைத்த ஆசனம், கோல் பிடித்தவருக்கும் கிடைத்தது!

அந்த 1885-ஆம் ஆண்டோடு ராபர்ட்ஸ் பட்டத்துக்காக ஆடுவதை விட்டுவிட்டார். ஆனாலும் அடுத்த பல ஆண்டுகள் இங்கிலாந்து அவரைத்தான் தலைசிறந்தவராக மதித்தது. என்ன காரணம்? யார் வந்தாலும் ஆடினார். ஆடும்போது எதிராளிக்குப் பல ஆயிரம் புள்ளிகளை முதலிலேயே தூக்கிக் கொடுத்துவிட்டு ஆடினார். தம் பெயரை அவர் ஒளிக்கவில்லை. பெயருக்கு உண்டான விலையைப் புள்ளியாகக் கொடுத்தார். 1893-இல் லண்டனில் ஃபிராங்க் ஐவ்ஸ் என்ற அமெரிக்கர் அவருடன் பெரும்பந்தயம் ஆடினார். இரு நாட்டு முறைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பந்துகளைச் சற்றுப் பெரிதாகவும் பைகளைச் சிறிதாகவும் அமைத்திருந்தார்கள். ஐவ்ஸ் இரண்டு பந்துகளை ஒரு மூலையில் நெருக்கி நிறுத்திக்கொண்டு, தொடர்ந்து தட்டியே ஒரே முறையில் 2,539 புள்ளிகள் எடுத்துவிட்டார். ராபர்ட்ஸ் தோற்றார். பந்தயப் பணம் போயிற்று, பெயர் போகவில்லை.

இரண்டாவது வழியில் நடந்தவர் பிலிப்பைன்ஸ் தேசத்தவர். எஃப்ரன் ரேயஸ் என்பது பெயர். 1954-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மனிலாவில் மாமன் நடத்திய பூல் கூடத்தில் வேலை செய்தார். இரவில் மேஜை மேலேயே படுத்துத் தூங்கினார். சிறுவயதிலேயே காசு வைத்து ஆடவும் தொடங்கினார். 1985-இல் அமெரிக்கா போனபோது, இவருடைய புகழ் இவருக்கு முன்பே கப்பலேறிப் போயிருந்தது. என்ன செய்வது? 'சீசர் மொராலஸ்' என்று வேறு பெயர் சொல்லிக்கொண்டு ஹூஸ்டன் நகரப் போட்டியில் இறங்கினார், வென்றார். குட்டு வெளிப்பட்டதும் அந்தப் பொய்ப் பெயரும் அவருடைய கியாதியில் ஒரு பகுதியாகிவிட்டது! 1996-இல் ஹாங்காங்கில் சொந்தப் பெயரோடு எர்ல் ஸ்டிரிக்லண்டை எதிர்த்து ஆடினார். பரிசு 1 லட்சம் டாலர். முதலில் 120 ஆட்டம் வெல்பவருக்கு வெற்றி. மூன்று நாள் ஆடி, பெரிதும் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து எழுந்து, 120-க்கு 117 என்று வென்றார். 1999-இல் உலகப் பட்டமும் அவரைத் தேடி வந்தது.

ஒளித்த பெயர், விலை கொடுத்த பெயர் இரண்டையும் பார்த்தோம். இரவல் பெயரும் ஒன்று உண்டு. வால்டர் டெவிஸ் என்ற நாவலாசிரியர் 1959-இல் எழுதிய கதையில் 'மின்னஸோட்டா ஃபேட்ஸ்' என்று ஒரு பாத்திரம். 1961-இல் அது சினிமாவாக வந்து சக்கைப்போடு போட்டது. உடனே ருடால்ஃப் வாண்டரோன் என்ற பந்தய ஆட்டக்காரர், "அந்த ஃபேட்ஸ் நான்தான்" என்று கிளம்பிவிட்டார். நாவலாசிரியர் மறுத்தார். யார் கேட்டார்கள்? கதை எழுதுகிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது: நாம் பெற்ற பிள்ளைக்குத் தாமே மூலம் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் புறப்படலாம்! 1941 முதல் 1957 வரையில் பதினைந்து முறை உலகப் பட்டம் வென்ற வில்லி மாஸ்கோனிக்கு இது பொறுக்கவில்லை. 1978-இல் டெலிவிஷன் முன்னிலையில் இருவரும் மோதினார்கள். மாஸ்கோனி எளிதாக வென்றார். ஆயினும் அமெரிக்கத் தெருவில் பூல் என்றதும் பலர் வாயில் வந்தது வாயாடியின் பெயர்தான்.

இது அநியாயம் என்று தோன்றலாம். எங்கள் சீயமங்கலம், செஞ்சி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்துச் சில நூறு குதிரைகளோடு போய், 22 வயதில் மாண்டான் தேசிங்கு ராஜன். அவன் ஆடியதும் ஒரு சூதாட்டந்தான். பணயம் அவன் தலை. வென்ற நவாப் சாதத்துல்லா கானின் பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் தேட வேண்டும். தோற்ற தேசிங்கின் பெயரை ஆடு மேய்க்கிற பையன் சொல்வான்.

ஆனால் தேசிங்குக்கும் வாண்டரோனுக்கும் ஒரு பேதம் உண்டு. பந்தய ஆட்டத்துக்குப் பட்டயம் கிடையாது, பதிவேடு கிடையாது. பணத்தைத் தோற்று எழுந்து போனவன் வெளியே சொல்லும் வார்த்தைதான் சாட்சி. தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சேர்த்த புகழ், சொல்கிற வாய் மூடியதும் மெலியத் தொடங்கும். எதிரே நின்றவன் சொன்ன புகழுக்கு அந்தப் பயம் இல்லை. ராபர்ட்ஸிடம் பல ஆயிரம் புள்ளிகளை வாங்கிக்கொண்டும் தோற்றவர்கள்தாம் அவருடைய பெயரை ஊர் ஊராய்ச் சுமந்தார்கள். கையில் இருப்பதை எல்லாம் வைத்து ஆடுகிறவன் பணத்தை இழந்தால் மறுபடி சம்பாதித்துவிடலாம். மேஜைமேல் அவன் வைக்கிற உண்மையான பணயம் அவன் பெயர். அதைத் துணிந்து எல்லார் கண்ணெதிரிலும் வைத்தவனைத்தான் ஜனங்கள் ஆட்டக்காரன் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.