காவல் கருவி யாருக்குத் தகவல் சொல்கிறது?

காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை வணிகம் இன்று கடை வாசலோடு முடிவதில்லை. இணையவழி விற்பனையில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவை கணினியில் சேர்கின்றன. அந்தக் கணினிக்கும் இணையத்துக்கும் இடையே காவல் நிற்கும் கருவி 'ஃபயர்வால்'. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் இக்கருவி, தன்னைத் தயாரித்த நிறுவனத்துக்கும் தகவல் அனுப்பக்கூடியது.

இதில் இருவகைத் தகவல்கள் உண்டு. எந்தக் கணினி எப்போது எந்த முகவரியுடன் தொடர்புகொண்டது என்பது பதிவேடு ('லாக்'). அது பெரும்பாலும் உரிமையாளரிடம் இருக்கும். கருவியின் வரிசை எண், மென்பொருள் பதிப்பு, செயல்பாட்டு நிலை, தடுக்கப்பட்ட தாக்குதல்களின் விவரம் போன்றவை தயாரிப்பாளருக்குச் செல்வது 'டெலிமெட்ரி'. அமைப்பைப் பொறுத்து, சந்தேகத்துக்குரிய கோப்புகளும் ஆய்வுக்கு அனுப்பப்படலாம். ஓரிடத்தில் கண்ட தாக்குதலை மற்ற இடங்களில் தடுக்க இது உதவுகிறது. தயாரிப்பு நிறுவனங்கள் தமக்குள்ளும் இத்தகவல்களைப் பகிர்கின்றன; 2014இல் உருவான 'சைபர் த்ரெட் அலையன்ஸ்' அத்தகைய கூட்டமைப்பு.

இதன் ஆற்றலைக் காட்டும் நிகழ்வில் இந்தியாவுக்கும் இடமுண்டு. அகமதாபாத்தின் 'சைபரோம்' நிறுவனத்தை பிரிட்டனின் 'சோஃபோஸ்' 2014இல் வாங்கியது. 2018 டிசம்பரில் சைபரோம் அலுவலகக் கணினி ஒன்றில் ஊடுருவல் கண்டறியப்பட்டது. 2020 ஏப்ரலில் உலகெங்கும் சுமார் 81,000 சோஃபோஸ் ஃபயர்வால்கள் தாக்குதலுக்கு இலக்காயின. டெலிமெட்ரியைத் தொடர்ந்து சென்ற சோஃபோஸ், தாக்குதல் முறைகள் சோதிக்கப்பட்ட கருவிகளைச் சீனாவின் செங்டு நகரில் அடையாளம் கண்டது. அவற்றில் சிலவற்றுக்குள் தன் கண்காணிப்பு நிரலையும் செலுத்தியது. 2024 அக்டோபரில் இதை அந்நிறுவனமே வெளிப்படுத்தியது.

குற்றவாளியைப் பிடிக்க உதவிய அதே வழி, விற்ற கருவிக்குள் தயாரிப்பாளர் தொலைவிலிருந்தே நுழைய முடியும் என்பதையும் உணர்த்துகிறது. அந்த ஆற்றல் எப்போதும் நல்ல நோக்கத்துக்கே பயன்படும் என்பதற்கு வாங்கியவரிடம் உத்தரவாதம் ஏதுமில்லை.

இந்தியாவில் 'செர்ட்-இன்' அமைப்பு 28.4.2022 அன்று பிறப்பித்த உத்தரவு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள்கள் இந்திய அதிகார வரம்புக்குள் வைத்திருக்கவும் கோருகிறது. தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பைச் சேகரித்தவர் மீதே வைக்கிறது. 'விற்பனையாளர் அமைத்துத் தந்தார்' என்பது அதற்கு விடையாகாது.

டெலிமெட்ரியை முற்றிலும் அணைப்பது தீர்வன்று. புதிய அச்சுறுத்தல்களைப் பற்றிய எச்சரிக்கை அதனால் குறையலாம். எந்தத் தகவல் செல்கிறது, எந்த நாட்டில் எவ்வளவு காலம் தங்குகிறது, யாருடன் பகிரப்படுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் எழுத்துபூர்வமான பதிலைப் பெற்ற பின்னரே கருவியை வாங்க வேண்டும். அரசு அலுவலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் ஒப்பந்தப்புள்ளியிலேயே இதை நிபந்தனையாக்கலாம். சரிகையின் தரத்தைச் சோதித்து வாங்கும் ஊருக்கு, இந்தச் சோதனை புதிதன்று.