பூச்சியுண்ணும் பறவைகளில் பூச்சிக்கொல்லி நஞ்சு

பயிரைக் காக்கத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, அதே பூச்சிகளைத் தின்று வாழும் பறவைகளின் உடலில் சேர்வதும், அதனால் அவற்றுக்கு நேரும் கேடுகளும் இக்கட்டுரையின் பொருள். கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை, தகைவிலான், உழவாரன், ஈப்பிடிப்பான், உண்ணிக்கொக்கு ஆகியவை தமிழக வயல்வெளிகளில் அன்றாடம் காணக்கூடிய பூச்சியுண்ணிகள். தானியம் கொத்தும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். ஆகவே இந்த வகையின் எல்லை பெயரில் தெரிவதைவிட அகலமானது.

கேடு மூன்று விதமாக வருகிறது. நஞ்சேறிய பூச்சியைத் தின்று உடனே சாவது ஒன்று. சாகாமல் நஞ்சை உடம்பில் சுமந்து திரிவது இன்னொன்று. நஞ்சு ஒரு துளிகூட உடலில் சேராமலே, தின்னப் பூச்சி இல்லாமல் பட்டினி கிடப்பது மூன்றாவது. செய்தித்தாளில் வருவது முதல் வகை மட்டுமே. பறவைகளின் தொகையைக் குறைப்பதில் மூன்றாவதற்குத்தான் பெரும்பங்கு என்று கருத இடமிருக்கிறது.

நஞ்சு சேரும் வழி

மருந்து பட்ட பூச்சி அந்தக் கணமே செத்துவிடுவதில்லை. கால் இழுக்கும், சிறகு விரியாது, மண்ணில் கிடந்து புரளும். பறவையின் கண்ணில் முதலில் படுவது அந்தத் துடிப்புதான். ஓடி ஒளியும் நல்ல பூச்சியைத் துரத்துவதைவிட, காலடியில் துடிக்கும் நான்கு பூச்சிகளைப் பொறுக்குவது எளிது. மருந்தடித்த வயலுக்குப் பறவைகள் கூட்டமாக வருவதற்கு இதுவே காரணம். தெளிப்பின் சாரல் இறகில் படிவதும் உண்டு. அலகால் இறகைக் கோதும்போது அதுவும் வாய்க்குள் போகிறது.

மருந்தின் இனத்தைப் பொறுத்துக் கேடும் மாறும். டி.டி.டி., பி.எச்.சி. முதலிய கரிமக் குளோரின் மருந்துகள் எளிதில் சிதையாமல் கொழுப்பில் தங்குபவை. வலசை போகும் பறவை சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துத்தான் பறக்கிறது. கொழுப்பு கரையும்போது அதில் அடைந்து கிடந்த நஞ்சு இரத்தத்தில் இறங்கும். டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.இ. முட்டை ஓட்டை மெலியச் செய்யும் என்பது பலரும் அறிந்தது. ஆனால் சிறு பூச்சியுண்ணிகளில் இந்த மெலிவு அவ்வளவாகத் தெரியவில்லை. அவற்றைப் பிடித்துத் தின்ற பொரி வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளே அதிகம் பாதிக்கப்பட்டன. பூச்சியுண்ணி அங்கே நஞ்சைக் கைமாற்றும் இடைப்படியாக இருந்தது.

கரிம பாஸ்பரஸ், கார்பமேட் மருந்துகள் வேறு வகை. இவை உடலில் நெடுநாள் தங்குவதில்லை, ஆனால் வேகமாகத் தாக்கும். ஒரு நரம்பு அடுத்ததற்குச் செய்தி சொல்லி முடித்ததும் அந்தச் செய்தியைத் துடைத்து நிறுத்த அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி வேண்டும். இம்மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. தசைகள் ஓயாமல் இழுபட்டு மூச்சு நிற்கிறது. இவற்றில் பலவற்றை முறிக்கும் நொதிகள் பாலூட்டிகளின் உடலில் தாராளமாக உண்டு. பறவைகளிடம் அவை மிகக் குறைவு. மனிதனுக்குத் தலைசுற்றலோடு போகும் அளவு, பறவைக்குச் சாவாக முடிவது இதனால்தான். சாகாத அளவும் சும்மா விடுவதில்லை. அசிபேட் என்ற கரிம பாஸ்பரஸ் மருந்து கொடுக்கப்பட்ட வெண்தொண்டைச் சிட்டுகளில், முன்பு வலசை போய்ப் பழகிய முதிர்ந்த பறவைகள் திசையறியாமல் தடுமாறியதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் பதிவு செய்தனர்.

பூச்சி மட்டுமின்றி மண்புழு வழியாகவும் நஞ்சு போகும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 1954 முதல் எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. அடித்தார்கள். இலை உதிர்ந்தது, அதை மண்புழு தின்றது, அடுத்த வசந்தத்தில் வந்த ராபின் பறவைகள் மண்புழுவைத் தின்று வலிப்பு வந்து விழுந்தன. அங்கிருந்த பறவையியல் பேராசிரியர் ஜார்ஜ் வாலஸ் இதைக் குறித்துவைத்தார். இல்லினாயில் இதே சங்கிலியை ஆராய்ந்த ராய் பார்க்கர், பெரிய மண்புழுக்கள் பதினொன்று போதும், ஒரு ராபினைக் கொல்ல என்று கணக்கிட்டார். ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ (1962) இச்செய்திகளை உலகறியச் செய்தது.

ஆர்ஜென்டினாவின் வெட்டுக்கிளிப் பருந்துகள்

நேரடிச் சாவுக்கு இதுவரை பதிவான மிகத் தெளிவான சான்று ஒரு பருந்தினுடையது. சுவெய்ன்சன் பருந்து வட அமெரிக்கப் புல்வெளிகளில் கூடுகட்டி, தரையணிலையும் எலியையும் பிடித்துக் குஞ்சு வளர்க்கும். குளிருக்கு முன் பனாமா வழியாக ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தெற்கே பறந்து, ஆர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியை அடையும். அங்கே அதன் உணவு பெரும்பாலும் வெட்டுக்கிளியும் தட்டானும்தான். ஒரு கிலோ எடையுள்ள பருந்து பூச்சி பொறுக்கி வயிறு நிரப்புவது நமக்கு விந்தையாக இருக்கலாம். அந்நாட்டு மக்கள் ஸ்பானிய மொழியில் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘வெட்டுக்கிளிப் பருந்து’ என்ற பொருளுடையது.

கலிபோர்னியாவின் வடக்கே இப்பருந்துகளை ஆராய்ந்துவந்த பிரையன் உட்பிரிட்ஜ், அவை குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்று அறிய 1994-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார். 1995 தொடக்கத்தில், கருவி காட்டிய இடத்தைத் தேடி அவரும் உடன் சென்றவர்களும் லா பாம்பா மாகாணத்தை அடைந்தார்கள். ஆயிரக்கணக்கில் பருந்துகள் இருந்தன. கூடவே, செத்துக் கிடந்தவை சுமார் 700.

நடந்தது இது. மேய்ச்சல் நிலங்கள் குதிரைமசாலும் சூரியகாந்தியுமாக மாறிக்கொண்டிருந்தன. வெட்டுக்கிளி பெருகியது. உழவர்கள் மோனோகுரோட்டோபாஸ் என்ற கரிம பாஸ்பரஸ் மருந்தை அடித்தார்கள். நம் ஊரில் ஏரின் பின்னால் உண்ணிக்கொக்கு நடப்பதுபோல, அங்கே தெளிப்பான் பூட்டிய டிராக்டரின் பின்னால் பருந்துகள் திரண்டன. மிரண்டு எழும் வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்றன, சாரலிலும் நனைந்தன. வயலிலேயே விழுந்தவை சில. மற்றவை அந்தியில் அடையும் யூகலிப்டஸ் தோப்புவரை பறந்துபோய், மரத்தடியில் குவியலாக விழுந்தன.

அடுத்த பருவமான 1995–96-இல் தேடுதல் முறையாக நடந்தது. 5,000-க்கும் மேற்பட்ட பருந்துகளின் உடல்கள் எண்ணப்பட்டன. கண்ணில் படாதவற்றையும் சேர்த்தால் 20,000 வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சில கால்களில் கனடாவில் மாட்டிய வளையங்கள் இருந்தன. மூளையில் நொதி முடங்கியிருந்ததும், இரைப்பையில் இருந்தவற்றில் மருந்து தென்பட்டதும் காரணத்தை ஐயமின்றி நிறுவின.

இந்தக் கதையில் அரிதான ஒன்று, அது விரைவில் முடிவுக்கு வந்தது என்பது. ஆர்ஜென்டின அரசு, அமெரிக்க, கனடிய வனவுயிர்த் துறைகள், பறவை அமைப்புகள் ஆகியவை 1996-இல் ஒன்றாக அமர்ந்து பேசின. மருந்தைத் தயாரித்த சீபா-கெய்கி நிறுவனம் அப்பகுதியிலிருந்து அதைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. உழவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் சாவு சில பத்துகளாகச் சுருங்கியது. பிறகு நாடு முழுவதும் தடை வந்தது. பருந்து பெரிய பறவை, தோப்பில் கூட்டமாக விழுந்தது, காலில் வளையமும் முதுகில் கருவியும் இருந்தன என்பதால் இது சாத்தியமானது. பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஒரு குருவி புதருக்குள் செத்துக் கிடந்தால் இத்தனை பேர் கூடிப் பேசியிருக்க மாட்டார்கள்.

புகைபோக்கியில் ஒரு பதிவேடு

தமிழில் ‘எச்சம்’ என்ற சொல்லுக்குப் பறவை கழிப்பது, மிஞ்சி நிற்பது என்று இரு பொருள். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. குயின்ஸ் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் புகைபோக்கியில் புகைபோக்கி உழவாரன்கள் ஆண்டுதோறும் வந்து தங்கின. உள்ளே அவற்றின் எச்சம் படிவு மேல் படிவாக ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சேர்ந்திருந்தது. ஜோசப் நொசேராவும் உடன் ஆய்வாளர்களும் அதைக் குளத்து வண்டலை அறுப்பதுபோல் அடுக்கடுக்காக அறுத்து, 1944 முதல் 1992 வரையிலான 48 ஆண்டுகளைப் படித்தார்கள். ஆய்வு 2012-இல் வெளியானது.

எச்சத்தில் பூச்சிகளின் ஓடும் காலும் செரிக்காமல் தங்கியிருக்கும். கீழடுக்குகளில் வண்டுகளின் சிதைவுகள் நிறைய இருந்தன. டி.டி.டி. எச்சம் ஏறும் அடுக்குகளில் வண்டு சரிந்து, சாறுறிஞ்சும் நாவாய்ப் பூச்சியினம் கூடியது. வண்டு ஒன்று தரும் சத்து நாவாய்ப் பூச்சி ஒன்றில் கிடைப்பதில்லை. டி.டி.டி. பயன்பாடு ஓய்ந்த பின்னும் பழைய உணவு முழுதாகத் திரும்பவில்லை. உழவாரன் நஞ்சால் செத்ததா என்பதை இந்தப் படிவு சொல்லாது. அதன் சோற்றுத் தட்டு மாறிவிட்டதை மட்டும் ஆண்டுவாரியாகச் சொல்கிறது. கனடாவில் இன்று இப்பறவை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

இரையில்லாப் பட்டினி

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சாம்பல் கவுதாரியை 1960களிலிருந்து ஆராய்ந்த டிக் பாட்ஸ், அதன் வீழ்ச்சிக்கு முதன்மையான காரணம் குஞ்சுகளின் பட்டினி என்று காட்டினார். முதல் சில வாரங்கள் குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். களைக்கொல்லி களையை அழித்தது, களையில் வாழ்ந்த பூச்சி போனது, குஞ்சு செத்தது. பறவையின் மேல் எதுவும் தெளிக்கப்படவில்லை.

நியோநிகோடினாய்டு மருந்துகள் வந்த பிறகு இதே கேள்வி பெரிதாக எழுந்தது. விதை நேர்த்திக்கு அதிகம் பயன்படும் இவை நீரில் எளிதில் கரைந்து ஓடையிலும் குட்டையிலும் கலக்கின்றன. நெதர்லாந்தில் காஸ்பர் ஹால்மன் குழுவினர் நீரிலுள்ள இமிடாகுளோபிரிட் அளவையும் பறவைக் கணக்கெடுப்பையும் ஒப்பிட்டு 2014-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்த இடங்களில் பூச்சியுண்ணும் பறவைகள் சராசரியாக ஆண்டுக்கு 3.5 சதவீதம் குறைந்துவந்தன. 20 நானோகிராம் என்பது எவ்வளவு என்று பார்க்க ஒரு கணக்கு: பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 5,000-ஐ நிரப்பி, அத்தனை நீரிலும் ஒரே ஒரு கிராம் மருந்தைக் கலந்தால் வரும் செறிவு அது. இந்த ஆய்வு காட்டியது உடனிகழ்வை மட்டுமே, காரணத்தை அல்ல. ஆனாலும் நிலப் பயன்பாடு முதலிய பிற காரணங்களைக் கழித்த பிறகும் உறவு நிலைத்தது. இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோநிகோடினாய்டுகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. தேனீக்களின் பெயரில் வந்த தடை அது. பறவைகளுக்கும் உதவும் என்றே எதிர்பார்க்கலாம்.

இந்தியாவில்

வேளாண்மையில் டி.டி.டி.க்கு 1989-லும், நம் உழவர்கள் தூளாகத் தூவிப் பழகிய பி.எச்.சி.க்கு 1997-லும் தடை வந்தது. கொசு ஒழிப்புக்கு டி.டி.டி. தொடர்ந்தது. ஜப்பானிய ஆய்வாளர் ஷின்சுகே தனபேயும் தமிழக ஆய்வாளர்களும் தென்னிந்தியப் பறவைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், இங்கேயே தங்கி வாழும் பறவைகளில் மற்ற நஞ்சுகளைவிட பி.எச்.சி. எச்சமே மிகுந்திருந்தது. பிற நாடுகளோடு ஒப்பிட்டபோதும் அந்த அளவு உச்சத்தில் நின்றது. கோயம்புத்தூர் ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையமும் பறவைகளின் உடலில் பூச்சிக்கொல்லி எச்சத்தை அளந்துவந்திருக்கிறது.

பாம்பாஸ் பருந்துகளைக் கொன்ற மோனோகுரோட்டோபாஸ் நமக்கு அந்நியமல்ல. மருந்துக்கடையில் ‘மோனோ’ என்று சுருக்கமாகக் கேட்டு வாங்கியதுதான். காய்கறிகளில் அதைப் பயன்படுத்த 2005-இல் தடை வந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு தின்று 23 குழந்தைகள் இறந்ததற்குக் காரணமும் இதே மருந்துதான். அதன் 36 சதவீதக் கரைசலைத் தடை செய்யும் மத்திய அரசின் ஆணை 2023-இல்தான் வந்தது. ஆர்ஜென்டினாவில் பருந்துகள் செத்து ஏறக்குறைய 28 ஆண்டுகளுக்குப் பிறகு.

பயறு வயல்களில் ஏக்கருக்கு 20 வீதம் பறவைத் தாங்கி நடும்படி வேளாண் துறையினர் சொல்வார்கள். டி வடிவக் குச்சியில் கரிச்சான் வந்து உட்கார்ந்து, புழுவைக் கண்டதும் இறங்கிக் கொத்தி, மறுபடி அதே குச்சிக்குத் திரும்பும். காலை இரண்டு மணி நேரம் வரப்பில் நின்று பார்த்தால் அதன் உழைப்பு விளங்கும். அதே வயலில், தாங்கியைப் பிடுங்காமலே மருந்தடிப்பதும் நடக்கிறது. விருந்துக்கு அழைத்து நஞ்சிடுவது என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு கிடையாது.

கணக்கில் வராத சாவுகள்

சிறு பறவையின் உடல் வயலில் ஒரு நாள் தாங்குவதே அரிது. காகமும் கீரியும் நாயும் எடுத்துப் போய்விடும். கிடைத்தாலும் நோயா நஞ்சா என்று உறுதிப்படுத்த மூளையில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் அளவை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். அது வழக்கமானதில் பாதிக்கும் கீழே இருந்தால் கரிம பாஸ்பரஸ் அல்லது கார்பமேட் நஞ்சே சாவுக்குக் காரணம் என்பது நெடுநாளைய அளவுகோல். வெயிலில் கிடந்து அழுகிய உடலில் இந்த அளவு நம்பத்தக்கதல்ல. நியோநிகோடினாய்டு உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறுவதால், எச்சம் இல்லை என்ற அறிக்கை நஞ்சு போகவில்லை என்பதற்குச் சான்றாகாது.

மருந்தடித்த வயலை ஒட்டி ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் செத்துக் கிடக்கக் கண்டால் வெறுங்கையால் தொடக் கூடாது. இடத்தையும் நேரத்தையும், தெரிந்தால் மருந்தின் பெயரையும் குறித்துக்கொண்டு அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் வந்து உடலை எடுக்கும்வரை நாய் அண்டாமல் பார்த்துக்கொள்வதும், நிழலில் வைப்பதும் ஆய்வுக்குப் பெரிய உதவி.