பம்பாய் நாய்களும் சேட் மோதீஷாவும்

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், அடியுண்டு இறக்கும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. இக்கதையை அறியாத தமிழ்ச் சமணர் இல்லம் இராது. ஆயினும், தெருநாய்களுக்கு ஒரு பெருநகரில் காப்பகம் எழுந்த வரலாற்றை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

1832இல் பம்பாயில் உரியவர் இல்லா நாய்களைக் கொல்லும் ஆணை நடப்பில் இருந்தது. கொன்ற நாய் ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு. கூலிக்கு ஆசைப்பட்டோர் வீட்டு நாய்களையும் விட்டுவைக்கவில்லை. ஜூன் 6ஆம் நாள் பார்சி மக்கள் கொதித்தெழுந்தனர். சமணரும் இந்துக்களும் உடன் நின்றனர். கடைகள் அடைபட்டன, படைவீரருக்குச் செல்லும் உணவும் தடைப்பட்டது. காவலர் தாக்கப்பட்டனர் என்பதும் உண்மை, அதனைப் போற்றுவதற்கில்லை.

ஈராண்டு கழித்து, 1834இல், சத்ருஞ்சய மலையில் தம் பெயர் விளங்கும் ஆலயத் தொகுதியை எழுப்புவித்த சமண வணிகர் சேட் மோதீஷாவும், பார்சி வணிகர் ஜம்ஷேட்ஜி ஜீஜீபாயும் முன்னின்று பாஞ்சராபோளை நிறுவினர். நாய்களோடு, பலரும் அருவருத்து ஒதுக்கும் பன்றிகளுக்கும் அங்கு இடம் கிடைத்தது.

ஆயின் பாஞ்சராபோள் உயிர்களை இறுதிவரை வைத்துப் பேணும் இடம். அடைக்கலம் பெற்ற நாயை இல்லத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் பிற்காலத்தது. சென்னையில் 1959இல் தோன்றிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்கள், வெறிநோய்த் தடுப்பூசியிட்டு, நாய்களை விரும்புவோரிடம் ஒப்படைக்கின்றன. விலைக்கு விற்கும் இன நாய்களின் பின்னே, ஈனும் பொருட்டே கூண்டில் அடைபட்ட தாய்நாய் இருத்தல் கூடும்; காப்பக நாயை ஏற்பதில் அக்குறை இல்லை. ஒன்று இல்லம் புகுந்தால், தெருவில் அடிபட்ட மற்றொன்றுக்கு அங்கே இடம் ஒழிகிறது.