என்ன சோல் போடட்டும்?

எங்கள் குழுவில் ஒரு தோழருக்குத் தட்டைப் பாதம். கள ஆய்வுக்காக ஒரே நாளில் மூன்று நான்கு கிராமங்களுக்கு நடப்பவர். கடையில் வாங்கும் ஷூ எதுவும் அவருக்கு ஆறு மாதம் தாங்குவதில்லை. மழைக்காலம் வருவதற்குள் அளவெடுத்து ஒரு ஜோடி தோல் பூட்ஸ் தைத்துக்கொள்ளலாம் என்று, பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சின்னக் கடைக்கு நால்வராகப் போனோம். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவர் முதலில் கேட்டது நிறத்தைப் பற்றியோ மாடலைப் பற்றியோ அல்ல.

"என்ன சோல் போடட்டும்?"

சமூகவியலில் முதுகலை முடித்தவர்கள் உட்பட எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "நல்லதா போடுங்கண்ணே" என்றோம். அவர் சிரித்துவிட்டு, தோழர் போட்டிருந்த பழைய ஷூவைக் கழற்றச் சொல்லிக் கவிழ்த்துப் பார்த்தார். "குதிகால்ல உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்கம்மா. கால் உள்ளாற சாயுது. மெத்துனு சோல் போட்டா இன்னும் சாயும். அடி கெட்டியா இருக்கணும், மேல மட்டும் மெத்துனு இருக்கணும்." பிறகு வரிசையாகக் கேள்விகள். நடப்பது தார் ரோட்டிலா, வரப்பிலா, சேற்றிலா? ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? தேய்ந்தால் சோலை மட்டும் மாற்றுவீர்களா, தூக்கி எறிந்துவிடுவீர்களா? அளவெடுக்கச் சாயங்காலம் வரச் சொன்னார். காலையில் எடுக்கும் அளவு மாலையில் வீங்கிய காலுக்குக் கடிக்குமாம்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால் முதலில் வருவது எருமைத்தோல். சோலுக்கு என்று நம் பக்கம் காலங்காலமாகப் பயன்பட்டது அதுதான். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரைப் போக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவார்கள். பட்டையில் பதப்பட்ட தோல் விறைப்பாக இருக்கும், வளைத்தால் வளைந்த வடிவத்தில் நிற்கும். அதனால்தான் அது சோலுக்கு ஆகும். வியர்வையைக் குடிக்கும், போடப் போட உங்கள் பாதத்தின் அச்சை வாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால், தண்ணீரில் ஊறினால் வீங்கும், ஈரத் தரையில் வழுக்கும்.

1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையைப் பரப்பினார். கிணற்றில் கவலை இறைக்கும் தோல்பை தண்ணீரில் அழுகாமல் இருக்க அது உதவும் என்பது அவர் கணக்கு. 1912இல் பல்லாவரம் அருகே சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் தோல் ஆலையால் வந்த பெயர்தான் குரோம்பேட்டை. மின்சார ரயிலில் தினமும் அந்த ஸ்டேஷனைக் கடக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு தோலின் பெயர் என்று தெரியும்? குரோம் தோல் மெத்தென்று இருக்கும். பூட்ஸின் மேல்பாகத்துக்கு அதுவும் அடிக்குப் பட்டைத்தோலும் என்ற பிரிவினை இன்றுவரை தொடர்கிறது.

கடைக்காரர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். அவர் ஊரில் நிலக்காரர்களுக்குச் செருப்புத் தைத்தவர். கூலி, அறுப்புக் காலத்தில் அளக்கும் நெல். தைத்த சோலை விளக்கெண்ணெயில் ஊறவைத்து இளக்குவாராம். செருப்பு கடிக்கிறதா என்று தெரிய யாராவது போட்டு நடந்து பார்க்க வேண்டும் அல்லவா? ராத்திரியில், வீட்டுக்குப் பின்னால், அப்பா தானே போட்டு நடந்து பார்ப்பார். விடிந்ததும் அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவுக்குப் போவார், வெறுங்காலோடு.

தெருவில் நடக்கும் உரிமைக்கே சட்டசபையில் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்: பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் பொது. ஆறே ஆண்டில், 1930 டிசம்பரில், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் எட்டாவது, ஆண்கள் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தெருவைத் திறந்துவிட்டால் காலில் கைவைத்தார்கள்.

பூட்ஸ் என்பதோ நம்மிடம் ராணுவத்தோடு வந்த பொருள். கான்பூரில் 1857க்குப் பிறகு அரசின் சேணத் தொழிற்சாலை வந்தது, 1880களில் கூப்பர் ஆலன் கம்பெனி வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் மலையேறவும் பாலைவனம் தாண்டவும் போட்ட பூட்ஸின் சோல்களைத் தைத்ததில் பெரும்பங்கு சமார் மக்களின் கைகளுக்கு. ஆனால் ஒரு மாற்றம் நடந்தது. கிராமத்தில் நெல்லுக்குத் தைத்தவர் ஆலையில் காசுக்குத் தைத்தார். கையில் காசு வந்ததும் பள்ளிக்கூடம் வந்தது, சங்கம் வந்தது. 1920களில் சுவாமி அச்சுதானந்தின் ஆதி இந்து இயக்கத்துக்குக் கான்பூர் ஒரு மையமானது. பஞ்சாபில் 1926இல் ஆதி தர்ம இயக்கத்தைத் தொடங்கிய மங்கு ராம் ஒரு தோல் வியாபாரியின் மகன். ஆக்ராவின் ஜாதவ் ஷூ தயாரிப்பாளர்கள்தான் பின்னாளில் அங்கே அம்பேத்கர் அரசியலின் தூண்களானார்கள்.

இனி எங்கள் கடைக்காரர் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருவோம்: சோலை மாற்றுவீர்களா, எறிவீர்களா? அதற்குள் ஒரு இயந்திர வரலாறு இருக்கிறது. 1858இல் அமெரிக்கரான லைமன் பிளேக், சோலை மேல்பாகத்தோடு நேரடியாகத் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1871இல் சார்லஸ் குட்இயர் ஜூனியர் வேறு வழி கண்டார். பூட்ஸைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, சோலை அந்தப் பட்டையோடு மட்டும் தைப்பது. சோல் தேய்ந்தால் அந்த ஒரு தையலைப் பிரித்தால் போதும், பூட்ஸுக்கு ஒன்றும் ஆகாது. (ரப்பரை வெப்பத்தால் உறுதியாக்கும் முறையைக் கண்டுபிடித்தது இவர் அப்பா.) ஆனாலும் மேல்தோலை மரக்கட்டை அச்சின் மேல் இழுத்து, விரல் பக்கத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, உள்ளடியோடு பொருத்தும் வேலை மட்டும் கையில்தான் நடந்தது. எந்த இயந்திரமும் இதைச் செய்யாது என்றார்கள்.

செய்தவர் யான் மாட்சலிகர். 1852இல் தென்னமெரிக்காவின் சூரினாமில், கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். மாசசூசெட்ஸின் லின் நகரத்து ஷூ ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நிறத்தைக் காரணம் காட்டி அந்த ஊர் தேவாலயங்கள் அவரைச் சேர்க்க மறுத்தன. ஒன்று மட்டுமே ஏற்றது. பகலில் ஆலை, இரவில் பழைய சுருட்டுப் பெட்டியும் கம்பியும் வைத்து மாதிரி செய்வது. 1883 மார்ச் 20இல் காப்புரிமை கிடைத்தது. கைவேலையில் ஒருவர் நாளுக்கு 50 ஜோடி செய்தால் இயந்திரம் பல நூறு ஜோடி செய்தது. உலகமே மலிவு விலையில் ஷூ போட்டது. அவர் 1889இல், 36 வயதில், காசநோயில் இறந்தார். காலணியின் வரலாறு என்றால் கம்பெனிகளின் வரலாறு என்று நினைக்கும் தோழர்கள் இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர் சோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1935இல் ஆல்ப்ஸ் மலையில் தன் கூட்டாளிகள் ஆறு பேர் சரியான காலணி இல்லாமல் இறந்ததைப் பார்த்த இத்தாலியர் விட்டாலே பிராமணி, பல் வைத்த ரப்பர் சோலை உருவாக்கினார். விப்ரம் என்ற பெயர் அவர் பெயரின் சுருக்கம்தான். (நம் ஊர்ப் பெயர் போல் ஒலிக்கிறதே என்று ஒரு தோழர் திடுக்கிட்டார். சம்பந்தமில்லை.) இரண்டாம் உலகப்போர் முடியும்போது கணுக்கால் அடிபட்ட ஜெர்மன் ராணுவ மருத்துவர் கிளாஸ் மார்ட்டென்ஸ் தன் வலிக்காகக் காற்றடைத்த சோலைச் செய்தார். 1960இல் அது இங்கிலாந்தில் தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போடும் பூட்ஸ் ஆனது. நம் ஊரில் இதற்கெல்லாம் பதில், தேய்ந்த லாரி டயரை அறுத்துச் செய்த டயர் செருப்பு. முள் ஏறாது, வருடக்கணக்கில் தேயாது.

சோல் வரலாற்றில் எங்களுக்கு மிக நெருக்கமான பக்கம் வேலூரில் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகுகிறது என்றே அப்போது நம்பினார்கள். அவர் கண்டது வேறு. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. கல் குத்தினாலும் ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருப்பதால் புண் வருகிறது. அப்படியானால் மருந்து மட்டும் போதாது, செருப்பும் வேண்டும். வேலூரிலும் காரிகிரியிலும் எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பரில் செருப்பு உருவானது. உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும், சப்பையாகிவிடாது. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணியே அடிக்கக் கூடாது, குத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. அடி கெட்டி, மேல் மெத்து. எங்கள் கடைக்காரர் சொன்னதும் இதேதான். தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இன்றும் இந்தச் செருப்பு கொடுக்கப்படுகிறது.

இவ்வளவும் படித்துவிட்டு 'பாரம்பரியக் கைவினை' என்று புல்லரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. காந்தி தென்னாப்பிரிக்கச் சிறையில் செருப்புத் தைத்தார். 1914இல் ஒரு ஜோடியை ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார், அவர் 1939இல் அதைத் திருப்பி அனுப்பினார். பாடநூல் கதையாகிவிட்ட இந்தச் சம்பவத்தை நாங்கள் மறுக்கவில்லை. காந்தி ஊசியை எடுத்தார், வேண்டாதபோது கீழே வைத்தார். கடைக்காரரின் அப்பாவால் கீழே வைக்க முடியாது. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டைத் தூக்குவதை விடுங்கள் என்றபோது கூலி போகும் என்று தெரிந்தேதான் சொன்னார். கடைக்காரரின் மகள் நர்சிங் படிக்கிறார். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தை தொழில் 'காலணி வியாபாரம்' என்று இருக்கிறதாம். "தைக்கிறவன்னு போட்டா முதல் நாளே சாதி தெரிஞ்சிரும்" என்றார். அந்த அறிவை மதிக்கிறோம் என்று நாங்கள் சொன்னபோது அவர் பதில் எதுவும் சொல்லவில்லை.

சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில், பட்டியல் சாதியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது தனியாகப் பெயர் சொல்லிக் குற்றமாக்கப்பட்டது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. காலில் கிடக்கும் செருப்புக்காக நாடாளுமன்றம் 2015இல் ஒரு வரி எழுத வேண்டியிருந்திருக்கிறது.

பூட்ஸுக்கு வருவோம். பி.யு. சோல் லேசாக இருக்கும், ஆனால் நம் ஈரக்காற்றில் போடாமல் வைத்திருந்தாலே பொடிந்துபோகும் என்று தள்ளினார். கிரேப் ரப்பர் வெயில் தாரில் ஒட்டும். முழுத்தோல் சோல் சேற்றுக்கு ஆகாது. கடைசியில் முடிவானது: சுற்றுப்பட்டை வைத்த தையல், நடுவில் பட்டைத்தோல், அடியில் பல் வைத்த ரப்பர், உள்ளே எம்.சி.ஆர். தாள், பாதத்தின் உள்வளைவுக்கு ஒரு தோல் மேடு. விலை சொன்னதும் எங்களில் ஒருவர் பேரம் பேசினார். "ஷோரூம்ல பேசுவீங்களா தம்பி?" என்றார். சொன்ன விலையைக் கொடுத்தோம்.

பதினைந்து நாள் கழித்து வாங்கப் போனோம். தோழரைப் போட்டுக்கொண்டு கடை வாசலிலிருந்து டீக்கடை வரை போய் வரச் சொன்னார். நல்ல பகல், பேருந்து நிலையக் கூட்டம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடது கால் இன்னும் இழுக்குதும்மா" என்று கழற்றச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். ரெண்டு நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.